மயில்கழுத்து நிறத்தைத் திரையில் விற்க முடியுமா?

புடவைக்கு பிளவுஸ் பிட் எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போகிறவர்கள் யாரும் புடவையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. கடைக்காரர் அடுக்கிலிருந்து நாலைந்து துண்டுகளை உருவிப் புடவை மேல் போட்டுக் காட்டுவார். டியூப் லைட் வெளிச்சத்தில் அவற்றில் ஒன்று அச்சாகப் பொருந்தும். அனுபவப்பட்ட கடைக்காரர் உடனே துணியைக் கிழித்துவிட மாட்டார். "வெளியில வந்து ஒரு தடவ பாத்துருங்கம்மா" என்று இரண்டையும் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோவார். உள்ளே ஒரே நிறமாகத் தெரிந்தவை வெயிலில் பிரிந்துவிடும். ஒன்றில் லேசாகச் சிவப்பு ஓடும், மற்றதில் ஓடாது.

இதற்குக் காரணம் நம் கண்தான். நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்றே வகை. ஒரு துணியிலிருந்து வரும் ஒளியில் எத்தனையோ அலைநீளங்கள் கலந்திருந்தாலும் கண் அவற்றை மூன்று அளவுகளாகச் சுருக்கித்தான் மூளைக்கு அனுப்புகிறது. அதனால் முற்றிலும் வேறான இரண்டு சாயங்கள், குறிப்பிட்ட ஒரு வெளிச்சத்தில், அதே மூன்று அளவுகளைத் தந்துவிடலாம். டியூப் லைட்டின் ஒளி சில அலைநீளங்களில் மட்டும் குவிந்திருக்கும். சூரிய ஒளி எல்லாவற்றிலும் பரவியிருக்கும். வெளிச்சம் மாறியதும் அந்தப் பொருத்தம் கலைந்துபோகிறது. இதை மெட்டாமெரிசம் என்பார்கள். சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது தினசரித் தலைவலி.

கண்ணின் இந்தக் குறைதான் கைபேசித் திரையையே சாத்தியமாக்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. கண்ணுக்கு மூன்று அளவுகள் போதும் என்பதால்தான் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டு உலகத்து நிறங்களையெல்லாம் காட்டிவிடுவதாகத் திரை நம்மை நம்பவைக்கிறது. நமக்கு முப்பது வகைக் கூம்புச் செல்கள் இருந்திருந்தால் வண்ணத் தொலைக்காட்சியும் வந்திருக்காது. வீட்டில் உட்கார்ந்தபடி படத்தைப் பார்த்துப் புடவை வாங்கும் பழக்கமும் வந்திருக்காது.

ஆன்லைன் விற்பனை வந்து கடைத்தெருவை ஒழித்துவிடுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விலையையும் தள்ளுபடியையும் வைத்தே பதில் சொல்கிறார்கள். அதைவிட ஆழமான பதில் நம் உடம்பில் இருக்கிறது. ஒரு பொருளைப் பற்றி வாங்குமுன் நமக்குத் தெரியவேண்டியவற்றில் எவ்வளவை எண்ணாக மாற்றி அனுப்ப முடியும்? எண்ணாக மாறும் பொருள் திரைக்குள் போய்விடுகிறது. மாறாதது கடையிலேயே நின்றுவிடுகிறது. இந்த எல்லைக்கோடு இடம் மாறிக்கொண்டும் இருக்கிறது.

நிறத்திலிருந்தே தொடங்கலாம். மூன்று நிறங்களைக் கலந்து மற்ற நிறங்களைக் காட்டலாம் என்பதை 1861இல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் செய்துகாட்டினார். உலகின் முதல் வண்ணப் புகைப்படம் என்று சொல்லப்படும் அந்தப் படத்தில் இருந்தது ஒரு துணி: ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட ரிப்பன். அந்தக் காலத்துப் புகைப்படத் தகட்டில் சிவப்பு ஒளி பதியவே பதியாது. பிறகு சிவப்பு எப்படி வந்தது? நூறு ஆண்டுகள் கழித்து அதை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தது, ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் பிரதிபலித்தது, தகட்டில் பதிந்தது அதுதான் என்பதை. முதல் வண்ணப் படமே துணியின் நிறத்தைத் தற்செயலாகத்தான் சரியாகக் காட்டியிருக்கிறது.

இன்றும் நிலைமை முழுதாகத் திருந்திவிடவில்லை. பெரும்பாலான திரைகளும் இணையப் படங்களும் 1996இல் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்ற தரத்தைப் பின்பற்றுகின்றன. கண்ணால் காணக்கூடிய நிறங்களின் வரைபடத்தில் அது பிடிப்பது மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும் பரப்பைத்தான். ஆழ்ந்த பச்சைகளும் பச்சைநீலங்களும் அதற்கு வெளியே நிற்கின்றன. காஞ்சிபுரத்தின் மயில்கழுத்து நிறத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலப் பாவுக்குள் பச்சை ஊடை ஓடும்போது இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று குறுக்காகக் கிடப்பதால் வெவ்வேறு திசைகளில் ஒளியைத் திருப்புகின்றன. மடிப்பின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. நடக்க நடக்க இரண்டும் இடம் மாறும். அந்தப் புடவைக்கு ஒரே நிறம் என்று எதுவும் கிடையாது, பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம். புகைப்படமோ ஒரே ஒரு கோணத்தில் எடுக்கப்படுவது.

2015 பிப்ரவரியில் ஓர் ஆங்கிலேயக் கடையின் கவுன் படம் இணையத்தில் பரவி, அது நீலமும் கறுப்புமா, வெள்ளையும் பொன்னிறமுமா என்று உலகமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது நினைவிருக்கும். கவுன் உண்மையில் நீலமும் கறுப்பும்தான். படத்தில் விழுந்திருந்த வெளிச்சம் என்ன வகை என்பதை ஒவ்வொருவர் மூளையும் தானாகவே ஊகித்து, அதற்கேற்ப நிறத்தைத் திருத்திக்கொண்டது. கடையில் நிற்கும்போது இந்தக் குழப்பம் வராது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும், துணியைத் திருப்பியும் பார்த்துவிடலாம்.

நிறத்துக்காவது மூன்று எண்கள் இருக்கின்றன. தொடுதலுக்கு அதுகூட இல்லை.

ஒரு கையின் உள்பக்கத் தோலில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் சுமார் 17,000 இருப்பதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1979இல் கணக்கிட்டார்கள். அவை நான்கு வகைப்படும். சில, அழுத்தம் நீடிக்கும்வரை குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். சில, தொடும்போதும் விடும்போதும் மட்டும் விழித்துக்கொள்ளும். பசினியன் என்ற வகை நொடிக்கு 200, 300 முறை துடிக்கும் மெல்லிய அதிர்வுகளுக்கென்றே இருப்பது. துணிக்கடையில் யாரும் துணியின் மேல் விரலை வைத்துவிட்டுச் சும்மா நிற்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தேய்ப்பார்கள். காரணம், நுண்ணிய இழை வேறுபாடு விரல் நகரும்போதுதான் அதிர்வாக மாறும். நகராத விரலுக்கு அது தெரியாது. ஜெர்மானிய உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இல் எழுதிய நூலில் இந்த அசைவின் முக்கியத்துவத்தை விளக்கினார். நம் பாட்டிமார்களின் விரல்கள் அதைப் படிக்காமலே செய்துவந்தன.

அந்த விரல் எவ்வளவு நுட்பமானது? ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட சோதனையில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்கள் கொண்ட பரப்பைச் சுருக்கமே இல்லாத பரப்பிலிருந்து விரல் பிரித்தறிந்தது. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டரைச் சுற்றி இருக்கும். அந்த 13 நானோமீட்டர் கண்ணால் காணவே முடியாத அளவு. சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாது. விரல் மட்டும் "இது வேற" என்று சொல்லிவிடுகிறது.

விரல் வெப்பத்தையும் அளக்கிறது. நம் விரல் தோலின் வெப்பம் 30 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த துணியைத் தொட்டால் விரலிலிருந்து வெப்பம் அதற்குள் பாய்கிறது. எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைத்தான் "சில்லுனு இருக்கு" என்கிறோம். வழவழப்பான பட்டு விரலோடு முழுதாக ஒட்டிக்கொள்வதால் வெப்பம் வேகமாக இறங்கும். பஞ்சுபோன்ற துணியில் இடையே சிக்கிய காற்று தடுத்துவிடும். கடைக்குள் ஏசி ஓடும்போதுதான் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில், துணியும் விரலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும்போது பட்டின் குளுமை மறைந்துபோகும். இயற்பியல் அவ்வளவுதான், ஆனால் விற்பனைக்கு இது சின்ன விஷயமல்ல.

தொடுதலை எண்ணாக மாற்றப் பெருமுயற்சி எடுத்தவர் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுவோ கவபாட்டா. 1970களில் அவர் ஜப்பானின் துணி வல்லுநர்களைக் கூட்டினார். கோட்டுத் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் மனிதர்கள் அவர்கள். அவர்கள் கைக்குத் தெரிவதை இயந்திரத்துக்குத் தெரியவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. துணியை இழுக்க, சாய்க்க, வளைக்க, அழுத்த, மேற்பரப்பை உரச என்று கருவிகள் செய்தார். 16 அளவுகள் கிடைத்தன. அவற்றிலிருந்து வல்லுநர் தரும் மதிப்பெண்ணை ஓரளவு கணித்துவிட முடிந்தது. இன்றும் ஜவுளி ஆய்வுக்கூடங்களில் அந்தக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அந்த 16 எண்களை உங்கள் கைபேசிக்கு அனுப்பினால் உங்கள் விரல் எதையும் உணராது. கண்ணாடித் திரையில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து உராய்வை மாற்றும் சோதனைகள் 2010இலிருந்து நடக்கின்றன. வழுக்கலையும் சொரசொரப்பையும் கொஞ்சம் காட்டலாம். மென்மையும் கனமும் குளுமையும் அதில் வருவதில்லை, ஏனென்றால் கண்ணாடி மடங்காது.

துணியை விட்டுக் காய்கறிக்கு வருவோம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊர்ச் சந்தைகளில் எவ்வளவு பரவலானது என்று சொல்லவேண்டியதில்லை. "எல்லாத்தையும் ஒடிக்காதக்கா, அப்புறம் யாரு வாங்குவா?" என்று விற்கும் அம்மா சத்தம் போடுவதும் வழக்கம்தான். அந்த ஒடிப்பு ஒரு முறிவுச் சோதனை. இளங்காயின் செல்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். விசை வந்ததும் பட்டென்று முறியும். காய் முற்ற முற்ற அதன் நார்களில் லிக்னின் என்ற மரப்பொருள் படிகிறது. மரத்தை மரமாக்குவது அதுதான். நார் கெட்டியானதும் நுனி முறியாமல் வளைந்துகொடுக்கும். முருங்கைக்காயை லேசாக முறுக்கிப் பார்ப்பதும், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதும், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதும் இதே வகைதான். பொறியியல் கூடத்தில் உலோகத்துக்குச் செய்வதை நாம் சந்தையில் காய்க்குச் செய்கிறோம். ஆன்லைனில் காய் வாங்கும்போது இந்தச் சோதனையை நமக்காக வேறொருவர், கிடங்கில், அவசரத்தில் செய்கிறார். அல்லது செய்வதில்லை.

வாசனை இன்னும் தொலைவில் நிற்கிறது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991இல் மூக்கின் வாசனை உணர்விகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டறிந்தார்கள். 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு வேலை செய்யும் உணர்விகள் சுமார் 400 வகை. கண்ணுக்கு மூன்று போதும் என்ற இடத்தில் மூக்குக்கு 400. மூன்று அடிப்படை நிறங்களைப் போல அடிப்படை வாசனைகள் என்று ஒரு சின்னப் பட்டியல் யாருக்கும் அகப்படவில்லை. காபிக்கொட்டை அரைக்கும் கடையின் வாசலைத் தாண்டிப் போகும்போது கால் தானாக நிற்கிறதே, அந்த விளம்பரத்தை எந்தச் செயலியும் அனுப்ப முடியாது.

பொருளாதார அறிஞர்களும் இந்த எல்லைக்கோட்டை வேறொரு பக்கத்திலிருந்து கண்டார்கள். ஃபிலிப் நெல்சன் 1970இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். வாங்குமுன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை ஒரு வகை. வாங்கிப் பயன்படுத்தினால்தான் தெரிபவை இன்னொரு வகை. 1973இல் டார்பியும் கார்னியும் மூன்றாவதைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் தெரியாதவை, நம்பித்தான் ஆகவேண்டியவை. உங்கள் வண்டிக்கு மெக்கானிக் மாற்றிய பாகம் உண்மையிலேயே பழுதாகியிருந்ததா என்பது மூன்றாம் வகை.

1995இல் அமேசான் புத்தகத்தோடு கடை திறந்ததற்கும், 2007இல் ஃபிளிப்கார்ட் புத்தகத்தோடு தொடங்கியதற்கும் இதில் விடை இருக்கிறது. புத்தகங்களுக்கு 1970 முதலே ஐஎஸ்பிஎன் என்ற உலகப் பொது எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் எந்த ஊரில் வாங்கினாலும் அதே பதிப்பு, அதே பக்கங்கள். தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எண்ணாக முதலில் மாறிய பொருள் முதலில் திரைக்குள் போனது. அடுத்து குறுந்தகடு, கைபேசி, சார்ஜர், பென் டிரைவ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மாடல் எண் தெரிந்தால் போதும் என்ற பொருளை நேரில் விற்றுக்கொண்டிருந்த கடைகள்தான் முதலில் அடிபட்டன.

தங்கம் இந்தக் கோட்டை நம் கண்ணெதிரே தாண்டிக்கொண்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தங்கம் மூன்றாம் வகைப் பொருள். உரைகல்லில் ஆசாரி உரைத்துச் சொன்னதை நம்ப வேண்டும். "நம்ம ஆசாரி" என்று ஒருவர் குடும்பத்துக்கே இருப்பார். 2021 ஜூனில் ஹால்மார்க் முத்திரை கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த 6 குறிகள் கொண்ட தனி அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த ஆறு குறிகளைக் கைபேசியில் தட்டினால் நகையின் தூய்மை தெரிந்துவிடுகிறது. ஆசாரி மேல் வைத்த நம்பிக்கையின் ஒரு பகுதி எண்ணாகிவிட்டது. பட்டுக்கும் 2004 முதல் மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் உண்டு. அதற்கு முன் ஓர் இழையை உருவித் தீயில் காட்டி, முடி கருகும் வாசனை வந்தால் பட்டு, உருகி உருண்டையானால் பாலியெஸ்டர் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும், தங்க நகையை முதலில் ஆன்லைனில் விற்றவர்களே கடை திறக்க வேண்டி வந்தது. கேரட்லேன் 2008இல் சென்னையில் ஆன்லைன் நகைக்கடையாகத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே தெருவில் கடைகளைத் திறந்தது. 2016இல் டைட்டன் அதன் பெரும்பங்கை வாங்கியது. தூய்மை எண்ணாகிவிட்டது, மோதிரம் விரலில் எப்படி உட்காரும் என்பது ஆகவில்லை. அமெரிக்காவில் வார்பி பார்க்கர் என்ற மூக்குக் கண்ணாடி நிறுவனமும் 2010இல் ஆன்லைனில் தொடங்கி 2013இல் கடைக்கு வந்தது. அதை ஆராய்ந்த மூவர் 2018இல் எழுதியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. காட்சிக்கடை திறந்த பகுதிகளில் மொத்த விற்பனை கூடியது, திருப்பி அனுப்புவது குறைந்தது. போட்டுப் பார்த்தால்தான் திருப்தி என்று நினைப்பவர்கள் தாமாகவே கடைக்குப் போய்விட்டார்கள்.

திருப்பி அனுப்புதல்தான் ஆன்லைன் துணி விற்பனையின் மறைந்திருக்கும் செலவு. ஐரோப்பாவின் பெரிய ஆன்லைன் துணிக்கடையான சலாண்டோவில் அனுப்பியவற்றில் ஏறக்குறைய பாதி திரும்பி வருவதாக அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ட்ரையல் ரூமில் ஐந்து நிமிடத்தில் முடியவேண்டியது லாரியில் இரண்டு பயணம் ஆகிறது. இந்த வகையில் புடவைக்கு ஒரு நல்ல யோகம்: அளவு என்ற சிக்கல் அதற்குக் கிடையாது. நிறமும் தொடுதலும் மட்டுமே மிச்சம்.

கடை அழிந்துவிடும் என்ற பயமும் புதிதல்ல. அமெரிக்காவில் மாண்ட்கோமரி வார்டு 1872இல் ஒற்றைத் தாள் விலைப்பட்டியலோடு தபால் விற்பனையைத் தொடங்கினார். பின்னால் வந்த சியர்ஸ் நிறுவனத்தின் பட்டியல் தலையணை அளவுக்குப் பெருத்தது. தையல் இயந்திரம் முதல் வீட்டுக்கு வேண்டிய மரச் சட்டம்வரை தபாலில் எழுதிப்போட்டு வாங்க முடிந்தது. கிராமத்துக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். ஆனால் சியர்ஸே 1925இல் சிகாகோவில் கடை திறந்தது. 1931இல் அதன் கடை விற்பனை தபால் விற்பனையை மிஞ்சியது. கார் வந்து மக்கள் ஊருக்குள் போய்வருவது எளிதாகிவிட்டிருந்தது. 1993இல் அந்தப் பெரிய பட்டியலை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் அமேசான் பிறந்தது. நம் நாட்டிலும் 1877 முதலே வி.பி.பி. இருக்கிறது. பத்திரிகை விளம்பரம் பார்த்து எழுதிப்போட்டு, தபால்காரரிடம் பணம் கட்டிப் பார்சலை வாங்கிய தலைமுறைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி' ஒன்றும் அந்நியமாக இருந்திருக்காது.

இந்தியாவின் முன்னோடி ஆன்லைன் கடைகளில் ஒன்றான ஃபேப்மார்ட்டின் கதையும் அப்படித்தான். 1999இல் பெங்களூரில் தொடங்கியது. சில வருஷங்களில் ஃபேப்மால் என்ற பெயரில் மளிகைக் கடைகளைத் திறந்தது. 2006இல் அந்தக் கடைகள் ஆதித்ய பிர்லா குழுமத்திடம் போயின.

எண்களும் இதையேதான் சொல்கின்றன. பிரிட்டனில் 2019இல் சில்லறை விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு ஆன்லைன். பெருந்தொற்றுக் காலத்தில், கடைகள் பூட்டியிருந்த 2021இன் தொடக்கத்தில், 37 சதவீதத்தைத் தொட்டது. கடைகள் திறந்ததும் இறங்கி, 26, 27 சதவீதத்தில் நின்றது. முன்பைவிட அதிகம்தான், ஆனால் கதவு திறந்தவுடன் பத்து சதவீதம் கடைக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்காவில் முப்பது ஆண்டு ஆன்லைன் விற்பனைக்குப் பிறகும் 2024இல் பங்கு 16 சதவீதத்தை ஒட்டியே இருந்தது.

இனி, விற்பவரைப் பற்றி. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண், அம்மா, வருங்கால மாமியார், சித்தி, அத்தை என்று எட்டுப் பேர் பாயில் உட்காருவார்கள். தேர்ந்த சேல்ஸ்மேன் முதலில் மூன்று புடவைகளை வீசுவார். ஒன்று அரக்கு, ஒன்று வெளிர் நிறம், ஒன்று விலை கூடியது. அவர் கண் புடவையில் இருக்காது. எட்டு முகங்களில் இருக்கும். யார் கை முதலில் நீளுகிறது, விலை கேட்டதும் யார் யாரைப் பார்க்கிறார்கள், மாமியார் முகம் சுளிக்கிறாரா. நாலாவது புடவைக்குள் அந்த வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆர்வமான படத்தைப் பார்க்கும்போது கண்பாவை விரிவதை எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் இருவரும் 1960இல் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். கடைக்காரர் எந்தக் கருவியுமில்லாமல் அதையும் வேறு பத்துக் குறிப்புகளையும் படிக்கிறார்.

புதிதாக ஒன்றைக் காட்டிப் பார்ப்பதா, பிடித்ததாகத் தெரிந்ததையே மேலும் காட்டுவதா? கணிதத்தில் இது 1952இல் ஹெர்பர்ட் ராபின்ஸ் வடிவம் கொடுத்த புகழ்பெற்ற சிக்கல். இன்றைய ஷாப்பிங் செயலிகளும் நம் ஒவ்வொரு கிளிக்கையும் வைத்து இதே கணக்கைத்தான் போடுகின்றன. செயலிக்கு லட்சக்கணக்கானவர்கள் வாங்கியது தெரியும். அது பெரிய பலம். சேல்ஸ்மேனுக்கு இந்த ஒரு குடும்பம் இந்த நொடியில் தெரியும். "அத எடுத்துராதடி" என்று அம்மா காதோடு சொல்வதும் அவர் காதில் விழுந்துவிடும்.

பிறகு அவர் புடவையைப் பிரித்து பெண்ணின் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவார். ஜோஆன் பெக், சுசான் ஷூ இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வுப்படி, ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தாலே அது தன்னுடையது என்ற உணர்வு கூடுகிறது. அதற்கு மேலும் பணம் தரலாம் என்று தோன்றுகிறது. தோளில் விழுந்த புடவையைத் திருப்பிக் கொடுக்க மனம் வராததன் காரணம் இது. விற்பவருக்குச் சாதகமான உண்மை இது என்பதால் வாங்குகிறவர்களும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கைக்கும் விலை உண்டு, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஈபேயில் நல்ல பெயர் எடுத்த ஒருவர், பழைய தபால் அட்டைகளில் ஒரு பாதியைத் தன் பெயரிலும், அதே தரத்தில் மறுபாதியைப் புதுக் கணக்குகளிலும் விற்றார். 2006இல் வெளியான அந்த ஆய்வில் பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. நட்சத்திர மதிப்பீடு என்பது "அண்ணாச்சி கடையில ஏமாத்த மாட்டாரு" என்பதை எண்ணாக்கும் முயற்சி. பாதி வென்றிருக்கிறது. அண்ணாச்சி தவறு செய்தால் நாளைக் காலை அவர் முகத்தில் விழித்துக் கேட்கலாம். நட்சத்திரத்தைக் கேட்க முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. சேலம் பக்கம் இளம்பிள்ளை போன்ற நெசவு ஊர்களிலிருந்து யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் புடவை விற்கிறவர்களைப் பாருங்கள். புகைப்படத்தோடு நிறுத்துவதில்லை. புடவையைக் கேமரா முன் உதறுகிறார்கள், கையில் கசக்கிக் காட்டுகிறார்கள், தோளில் போட்டு நடக்கிறார்கள், "இந்தக் கலர் நேர்ல இன்னும் கொஞ்சம் டார்க்கா இருக்கும் சிஸ்டர்" என்கிறார்கள். பார்ப்பவர்கள் கேட்பதற்கு அங்கேயே பதில் வருகிறது. நேருக்கு நேர் விற்பது திரைக்குள் புகுந்துவிட்டது.

அந்த உதறலில் ஆழமான அறிவியல் இருக்கிறது. எம்ஐடியில் 2013இல் ஓர் ஆராய்ச்சிக் குழு பலவகைத் துணிகளைத் தொங்கவிட்டு, எதிரே மின்விசிறியை வைத்து, காற்றில் அவை அசைவதை வீடியோ எடுத்தது. அசைவை மட்டும் வைத்துத் துணியின் விறைப்பையும் கனத்தையும் கணினி மதிப்பிட முடிந்தது. மனிதர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். அசையாப் படத்தைவிட அசையும் படத்தில் அவர்களாலும் நன்றாக மதிப்பிட முடிந்தது. கண் தொடாமலே தொட்டுப் பார்க்கிறது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் கேத்தரின் பவ்மன். 2019இல் வெளியான முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கியவர்களில் ஒருவராக உலகம் அறிந்தவர். நேரடியாக எட்டாத ஒன்றைக் கிடைக்கிற கொஞ்ச ஒளியிலிருந்து ஊகிப்பதுதான் இரண்டு இடத்திலும் அவர் வேலை. இளம்பிள்ளையில் புடவை உதறும் பெண்ணுக்கு அந்த ஆய்வு தெரியாது. வாங்குகிறவர் கண்ணுக்கு என்ன தேவை என்பது தெரியும்.

மளிகையில் வேறொன்று நடக்கிறது. பத்து நிமிடத்தில் கொண்டுவருகிறோம் என்றால் பொருள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் எல்லாம் தெருவுக்குள் சிறு கிடங்குகள் வைத்திருக்கின்றன. அலமாரி உண்டு, ஆள் உண்டு, வாடிக்கையாளர் மட்டும் உள்ளே வர முடியாது. தொலைவும் நேரமும் சேர்ந்து ஆன்லைன்காரரையும் தெருமுனைக்கே கொண்டுவந்துவிட்டன. பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பதோடு நின்ற பெட்டிக்கடைகளுக்கு இது உண்மையான ஆபத்து. அதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு மாசக் கடைசியில் வாங்கிக்கொள்வதும், கறிவேப்பிலையைக் கொசுறாகத் திணிப்பதும், "தாத்தாவுக்கு உடம்பு தேவலையா" என்பதும் உள்ள கடைகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே கடையைத் தாங்கி நிற்பது கட்டடமோ ஏசியோ அல்ல, எட்டு முகங்களைப் படிக்கத் தெரிந்த, துணியை வெயிலுக்கு எடுத்துப்போகத் தெரிந்த மனிதர்கள். அவர்களை நம் கடைத்தெரு எப்படி வைத்திருக்கிறது? காலை முதல் இரவுவரை நின்றுகொண்டே இருக்கும் வேலை அது. கால் ரத்த நாளங்கள் சுருண்டு புடைத்துப்போன பெண்கள் எத்தனையோ பேர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூடச் சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் அந்த வாழ்க்கையைத் திரையில் காட்டியபோது பலருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. உட்கார இருக்கை தரவேண்டும் என்ற சட்டத் திருத்தத்தைக் கேரளம் 2018இல் கொண்டுவந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. திரையோடு போட்டி போட வேண்டிய முதலாளிகள் கண்ணாடி மாளிகைக்கும் விளம்பர நடிகருக்கும் கோடிகளைக் கொட்டுகிறார்கள். அடுத்த முறை துணிக்கடைக்குள் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், அங்கே ஸ்டூல் போட்டிருக்கிறதா என்று. இல்லையென்றால் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.